கழுவாத நுரையீரல்

காலை ரயிலில் ஐஸ் பெட்டியோடு லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஏறுகிறவளை யாரும் சும்மா விடமாட்டார்கள். "மீனா?" என்று ஒருவர் கேட்பார். "கிலோ எவ்வளவு?" என்று இன்னொருவர் கேட்பார். ஆரம்பத்தில் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். ஒருநாள் எரிச்சலில், "ஆட்டு நுரையீரல், ஆராய்ச்சிக்குக் கொண்டுபோறேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் சட்டென்று நகர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் உண்மையையே சொல்வது என்று வைத்துக்கொண்டேன்.

கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் ஆராய்ச்சி மாணவி நான். ரத்தக்குழாயைத் தளர்த்தி விரிய வைக்கும் ஒரு மருந்து, ஆக்ஸிஜன் இல்லாத நேரத்தில் நுரையீரல் குழாய்களை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. உடம்பில் மற்ற இடங்களில் ஆக்ஸிஜன் குறைந்தால் ரத்தக்குழாய் விரியும். நுரையீரலில் மட்டும் தலைகீழ், அங்கே சுருங்கும். அதற்கு நியாயம் இருக்கிறது. காற்று வராத மூலைக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன்? அதனால் அந்த மூலைக்குப் போகும் குழாய் தானாகவே இறுகி, ரத்தத்தைக் காற்று இருக்கிற பக்கம் திருப்பிவிடும்.

இந்தத் தலைப்பை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும் ஆக்ஸிஜன் மெஷினுக்குப் பக்கத்தில், மூக்கில் டியூபோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாதான் அந்தத் தலைப்பு. இதே ரயில் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சிகரெட்டை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றுதான் விட்டார். அவருடைய நுரையீரல் அதற்கு வெகு முன்பே ஓய்வு பெற்றிருந்தது. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மெஷினையும் சேர்த்தால் மூன்று.

அப்பாவைப் பார்க்கிற நெஞ்சு டாக்டர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். நுரையீரலில் பாதி இடத்துக்குக் காற்று போவதில்லை. அங்கேயுள்ள குழாய்கள் எல்லாம் இறுகிக் கிடக்கின்றன. அத்தனை இறுக்கத்தையும் எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துப்போகிறது, கால் வீங்குகிறது. "ஒரு மருந்து இருக்கு. குழாயைத் தளர்த்தும், ஹார்ட்டுக்கு பாரம் குறையும். ஆனா இவர் மாதிரி ஆளுக்குக் கொடுத்தா, மூடியிருக்கிற குழாயையும் சேர்த்துத் திறந்துட்டா வம்பு. ரத்தம் காத்து இல்லாத இடத்துக்குப் போய் வெறுங்கையோட திரும்பி வரும். ஆக்ஸிஜன் இன்னும் இறங்கிடும். திறக்குமா, விட்டுவைக்குமான்னு உறுதியா சொல்றதுக்கு இல்லை" என்றார்.

உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது வீட்டிலும் கல்லூரியிலும் பிரசித்தம். ஆட்டுக் குழாயில் வருகிற பதிலை வைத்து மனிதருக்கு மருந்து எழுத முடியாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பதில் எந்தப் பக்கம் சாய்கிறது என்றாவது தெரியும் அல்லவா? அந்த மருந்து, மூடிய குழாயைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். அதுதான் என் ஆசை. ஆராய்ச்சிக்காரி ஆசைப்படக் கூடாது என்பார்கள். ஆசைப்படாதவளால் காலங்கார்த்தாலே கறிக்கடை வாசலில் நிற்க முடியாது.

அப்பாவுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. சர்ச்சில் பாடகர் குழுவில் வருடக்கணக்காகக் கட்டைக் குரலில் பாடியவர் அவர். டியூப் மாட்டிய நாளிலிருந்து சர்ச் பக்கமே போகவில்லை. வெளியே போவதற்கென்று வாங்கிய சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் உறை பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுக்கலாமா என்று கேட்டால் எரிந்து விழுவார்.

"மூக்குல டியூபோட போய் நின்னா, எல்லாரும் சுத்தி நின்னு ஜெபம் பண்ணியே என்னைக் கொன்னுடுவாங்க. நீ சொல்ற மருந்து வரட்டும் பாப்பா. டியூப் இல்லாம நடந்தே போறேன்."

நுரையீரல் கொடுப்பவர் குரோம்பேட்டையில் கறிக்கடை வைத்திருக்கும் பாய். எங்கள் துறைக்கு வெகுகாலமாக அவர்தான். எனக்கு முன் இருந்த மாணவர், அவருக்கு முன் இருந்தவர் எல்லோரும் அவரிடமே வாங்கினார்கள். வழிமுறையையும் அவர்களே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆட்டை அறுத்த கையோடு நுரையீரலை எடுக்க வேண்டும், நாங்கள் கொடுக்கிற டப்பாவில் உள்ள மருந்துத் தண்ணீரில் போட வேண்டும், ஐஸில் வைக்க வேண்டும். பாய் ஒரு நாளும் தவறியதில்லை. அறுப்பதைப் பார்க்கத் தெம்பில்லாததால் நான் டப்பாவைக் கொடுத்துவிட்டு எதிர் டீக்கடையில் நிற்பேன். வேலை முடிந்ததும், "டாக்டரம்மா, ரெடியாயிடுச்சி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

கல்லூரிக்குப் போனதும், நுரையீரலுக்குள் போகும் குழாயைப் பிரித்தெடுத்து மோதிரம் போல நறுக்குவேன். அந்த மோதிரத்தை இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழலுக்குள் இறக்குவேன். கரைசலில் ஆக்ஸிஜன் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். மோதிரம் இறுகினால் கணினித் திரையில் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். பிறகு ஆக்ஸிஜனை மூடிவிட்டு நைட்ரஜனைத் திறப்பேன். செத்த ஆட்டின் ஒரு துண்டுக் குழாய், தனக்கு மூச்சு முட்டுகிறது என்று தெரிந்துகொண்டு தானாக இறுக ஆரம்பிக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நேரத்தில் நான் திரைக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். அப்போதுதான் மருந்தை விட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. குழாயின் உள்பக்கம், அதைத் தளரச் சொல்லும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வேறொரு மருந்தில் ஒரு துளி விட வேண்டும். சவ்வு உயிரோடு இருந்தால் கோடு இறங்கும். எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கோடு யாருக்கும் இறங்கியதே இல்லை. "ஆட்டுக்கு அது வராது" என்று எனக்கு முன் இருந்தவர் சொன்னார். அவருக்கு அவருடைய சீனியர் சொல்லியிருந்தார். எங்கள் வழிகாட்டி மேடமும் அதையே சொன்னார். எங்கள் ஆய்வகத்தில் ஆடு என்றாலே அப்படித்தான்.

வந்த முடிவோ தேனாக இருந்தது. ஆக்ஸிஜன் இருக்கும்போது மருந்தை விட்டால் கோடு ஓரளவு இறங்கியது. நைட்ரஜனில் இறுகிய குழாய்க்கு அதே மருந்தை விட்டால் கோடு அசையவே இல்லை. திறந்த குழாயைத் தளர்த்துகிறது, மூடிய குழாயை விட்டுவைக்கிறது. நான் ஆசைப்பட்ட அதே பதில். மேடம் மாநாட்டுக்கு எழுதச் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

சொல்லாமல் இருக்க முடியுமா என்ன? அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். பேசினால் மூச்சு வாங்கும் மனிதர், அன்று சாயங்காலம் முழுக்க போனில் பேசினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஆளுக்கு ஆள் என்னை நிறுத்தி, "மருந்து கண்டுபிடிச்சிருக்கியாமே!" என்றார்கள். அந்த மருந்து வருடக்கணக்காக மருந்துக்கடையில் இருக்கிறது, நான் கண்டுபிடித்ததல்ல என்றேன். யார் கேட்டார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அப்புறம் மழை வந்தது.

ஐப்பசி மழை. டீக்கடை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். வேறு வழியில்லாமல் பாய் கடைத் தகரக் கூரைக்கு அடியில் போய் ஒதுங்கினேன். அறுப்பு முடிந்திருந்தது. பாய் நுரையீரலை எடுத்தார். இதயத்தை வெட்டி எடுத்த இடத்தில் வாய் பிளந்திருந்த பெரிய குழாய்க்குள், தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்த ரப்பர் டியூபைச் சொருகினார். தண்ணீரைத் திறந்துவிட்டார். இந்தப் பக்கம் தண்ணீர் போகப் போக அந்தப் பக்கம் சிவப்பாகக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு ரோஸாகி, ரோஸ் வெளுத்து, நுரையீரல் இட்லி மாதிரி ஆயிற்று. பிறகு அதைத் துணியால் ஒற்றி, பயபக்தியோடு என் டப்பாவில் இறக்கினார்.

"பாய்! என்ன பண்றீங்க?"

என் கத்தலில் கறி வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா ஆச்சி டாக்டரம்மா? கழுவி வெச்சிகினு கீறேன்."

"எப்பவும் இப்படித்தான் கழுவுவீங்களா?"

"பின்ன? நாய்க்கு வாங்கிகினு போறவங்களுக்கு அப்டியே குடுத்துருவேன். நீங்க ஆஸ்பத்திரி. நோயாளிங்க உசுரு காப்பாத்தற சமாச்சாரம். ரத்தமும் சளியுமா குடுத்தா எனுக்கு அசிங்கமில்ல? உங்களுக்கு முந்தி வந்த தம்பி, அதுக்கு முந்தி வந்த அம்மா, அல்லாருக்கும் இப்டித்தான் குடுத்துகினு வர்றேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "ஏன், இன்னும் நல்லா கழுவணுமா?"

எனக்குக் கோபம் வரவேண்டிய நேரம். என் கோபம் சாதாரணக் கோபமும் அல்ல. ஆனால் அந்த மனிதர்மேல் எதைச் சொல்லிக் கோபப்படுவது? மருந்துத் தண்ணீரில் போடு என்று சொல்லியிருந்தோம், ஐஸில் வை என்று சொல்லியிருந்தோம். கழுவாதே என்று யாரும் சொல்லவில்லை. கழுவுவார் என்று எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை. வெறும் தண்ணீர் அந்த வேகத்தில் ஓடினால் உள்சவ்வு கொஞ்சம்கூட மிஞ்சாது. "ஆட்டுக்கு அது வராது" என்பது ஆட்டின் குணம் இல்லை. எங்களுக்கு பாய் காட்டிய மரியாதை அது.

"இனிமே கழுவாதீங்க பாய். ரத்தத்தோடவே குடுங்க."

"ரத்தத்தோடயா?" என்றார், நான் ஏதோ அவரைக் கேவலப்படுத்திவிட்டது போல. "சரி, நீங்க சொல்றீங்க. அப்பறம் காலேஜ்ல என்னிய யாராவது கேட்டா நீங்கதான் சொன்னீங்கன்னு சொல்லிருவேன்."

அன்று ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது என் மடியிலேயே உடைந்துகிடந்தது. சவ்வு இல்லாத குழாயில் மருந்து என்ன செய்தது என்றுதான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன். அப்பாவின் நுரையீரலை யாரும் ரப்பர் டியூப் விட்டுக் கழுவவில்லை. அவருக்குச் சவ்வு இருக்கிறது. அவருக்கான பதில் என்னிடம் இன்னும் இல்லை.

மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். முதலில் நம்பவில்லை. "ஆட்டு வெஸல்ல அந்த ரெஸ்பான்ஸ் வராதுன்னு நமக்கு எப்பவுமே தெரியுமே?" என்றார்.

"நமக்கு எப்பவுமே பாய் கழுவித்தான் குடுத்திருக்கார் மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அப்புறம் சொன்னார்: "செஞ்சது வீண் இல்லை. சவ்வு இல்லாத குழாய்னு அதை எழுதிக்கலாம். ஆனா சவ்வு இருக்கிறதை முதல்லேர்ந்து செய்யணும். மாநாட்டுக்கு வரலைன்னு நான் சொல்லிடறேன். செய்வியா?"

"செய்வேன் மேடம்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு அந்தப் பழைய பதில்தான் வேண்டும். அதைச் சும்மா வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, மேடமைத் தவிர. பாய்க்கும் நிம்மதி, அப்பாவுக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பதிலை நம்பி அப்பா ஒரு மாத்திரையை விழுங்கி, விரலில் மாட்டியிருக்கும் கருவியில் ஆக்ஸிஜன் எண் இறங்க இறங்க நான் பக்கத்தில் நின்று பார்ப்பதை ஒரு தரம் நினைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் யோசிக்க எதுவும் இல்லை.

பாய் முதல்முறை ரத்தத்தோடு கொடுத்தபோது டப்பாவை முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். ஆய்வகத்தில் மோதிரத்தை மாட்டினேன். சவ்வுச் சோதனைக்கான துளியை விட்டேன். கோடு இறங்கியது. எங்கள் ஆய்வகத்தில் முதல்முறையாக ஒரு ஆடு பதில் சொன்னது. பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் ஓடிவந்து கை தட்டினார்கள். மேடம்கூட வந்து என் தோளைத் தட்டினார். எனக்கு மட்டும் கை தட்ட வரவில்லை, அடுத்தது என்ன என்று எனக்குத்தான் தெரியும்.

ஆக்ஸிஜனை மூடினேன். நைட்ரஜனைத் திறந்தேன். குழாய் இறுகியது, கோடு ஏறி நின்றது. மருந்தை விட்டேன். இறங்காதே, இறங்காதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் ஜெபம் செய்த குரலிலேயே சொன்னேன். கோடு கொஞ்ச நேரம் யோசித்தது போல நின்றுவிட்டு, வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று.

ஒரு ஆட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது. அதனால் மறுபடி செய்தேன். வேறு ஆடு, வேறு நாள், வேறு மோதிரம். மழை நின்று மார்கழி வந்தது. ஒவ்வொரு முறையும் இது விதிவிலக்காக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன், ஒவ்வொரு முறையும் கோடு இறங்கியது. ஆசைப்பட்டது தப்பில்லை. கோட்டை மட்டும் நான் தொடவில்லை. மூச்சு முட்டி மூடிக்கொண்ட குழாயை அந்த மருந்து திறந்துவிடுகிறது. இனிச் சந்தேகம் இல்லை.

அப்பாவிடம் சொல்ல ஒரு சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"மருந்து வேலை செய்யுதா பாப்பா?"

"செய்யுதுப்பா. நான் நெனச்சதைவிட நல்லாவே செய்யுது. அதான் பிரச்சினை."

பாய் கழுவிய கதையைச் சொன்னேன். அதில் மட்டும் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, அடங்க நேரமாயிற்று. அப்புறம் மீதியைச் சொன்னேன். மருந்து மூடிய குழாயையும் திறக்கிறது, அவருக்குக் கொடுத்தால் ஆக்ஸிஜன் குறையலாம், கடைசி வார்த்தை டாக்டருடையதுதான், ஆனால் நான் அவரிடம் போய் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. நான் மறைக்கவில்லை.

அப்பா டிவியை அணைத்தார். மெஷின்தான் பேசிக்கொண்டிருந்தது. பிறகு இத்தனை நாளில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டார்.

"அந்தக் குழாய் எதுக்கு மூடிக்குது?"

"காத்து இல்லாத இடத்துக்கு ரத்தம் போனா வீண்தானேப்பா. அதான் அந்த வழியை மூடிட்டு, நல்லா இருக்கிற பக்கம் திருப்பி விடுது."

"யாரு சொல்லி மூடுது?"

"யாரும் சொல்ல வேணாம். தானா மூடும்."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "ரிப்பேர் லைனுக்கு ரெட் சிக்னல் போட்டுட்டு வண்டிய நல்ல லைன்ல விடறது. நாங்க பண்ணது அதானே." தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "அப்போ இது இன்னும் டியூட்டி பாக்குதுன்னு சொல்லு. நான் இது ஒண்ணுக்கும் உதவாம கெடக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"பாக்குதுப்பா."

"டியூட்டி பாக்குறவன் கையிலேர்ந்து கொடியப் புடுங்குற மருந்து. அது எனக்கு எதுக்கு?"

அவர் காலால் கட்டிலுக்கு அடியில் துழாவினார்.

"ஞாயித்துக்கிழமைக்கு அந்தச் சின்ன சிலிண்டரை எடுத்து வை. உறையைப் பிரிச்சு ஒரு தடவை ஓட்டிப் பாத்துடு."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனோம். சிலிண்டரை நான் தோளில் மாட்டிக்கொண்டேன், டியூப் அவர் மூக்கில். அவர் பயந்தபடியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பயந்தபடியே சிலர் அங்கேயே ஜெபிக்கவும் ஆரம்பித்தார்கள். அவர் நிமிர்ந்தே நடந்தார், நின்று நின்று நடந்தார். பாட்டு வந்தபோது புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாயை அசைத்தார். சத்தம் வந்ததோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தோம். அவரோடு பாடகர் குழுவில் நின்ற பழைய நண்பர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். டியூபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என்னங்க, இன்னும் டியூபோட? பொண்ணோட மருந்து இன்னும் வரலையா?"

அப்பா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார், இன்னொன்றும் இழுத்துக்கொண்டார். அப்புறம், பாடுகிற காலத்து அந்தக் கட்டைக் குரலில், வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அது எனக்கு ஆகாதுங்க. ஆகாதுன்னு கண்டுபிடிச்சதே எம் பொண்ணுதான்."